கேம்பர் வேனில் வெளுத்த தோல்

அத்தியாயம் – 6

“போட மாட்டேன்.”

சசிகலா முத்திரைத்தாளை மேசைமேல் வைத்தாள். காற்றில் பறந்துவிடப் போகிறதே என்று கத்தரிக்கோலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். மூன்றாவது முறையாகச் சொல்கிறாள். முதல் முறை சொன்னபோது மணி ஒன்பதரை, இப்போது பத்தேகால். குரல் துளிகூட இறங்கவில்லை.

குமரேசனுக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று. அவன் செங்கத்துக்காரன், முப்பத்துநான்கு வயசு. பெண்டாட்டி நீட்டுகிற எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழகியவன். ஒரு தாளைப் பார்த்து இப்படி முடியாது என்று சொல்ல முடியும் என்பதே அவனுக்குப் புதிதாக இருந்தது.

“மேடம், நம்ம ஆபீஸ்ல சம்பளம் கேக்கிறதுக்கு இவங்ககிட்டதான் நான் டியூஷன் போகணும்” என்று மஞ்சுளாவின் காதருகே சொன்னான்.

மஞ்சுளா சிரிக்கவில்லை. திருவண்ணாமலையில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவள். நாற்பத்திரண்டு வயசில் அவள் சிரிப்பதெல்லாம் கேஸ் முடிந்த பிறகுதான். அதுவும் பீஸ் வந்த பிறகு என்று குமரேசன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான்.

ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மகளிர் குழுவுக்கு ஒதுக்கிய கடை வரிசையில் இரண்டாவது கடை சசிகலாவுடையது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் தோலுக்கு நிறம் ஏற்றுகிற பிரிவில் இருந்துவிட்டு, சொந்த மலைக்குத் திரும்பி வந்து போட்ட கடை. அருவி பார்க்கவும் காவலூர் வானாய்வகத்தில் நட்சத்திரம் பார்க்கவும் கார்கள் ஏற ஏற, கிழிந்த சீட்டும் உரிந்த ஸ்டியரிங்கும் அவள் கைக்கு வந்தன. முழு மலையிலும் இந்த வேலைக்கு அவள் ஒருத்திதான்.

“இவங்க கையெழுத்துப் போட்டா பிரச்சினை முடிஞ்சிடும் மேடம்” என்றார் ராஜவேலு. வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ், மடிப்புக் கலையாத பேச்சு. “தவறான கெமிக்கல் போட்டதால தோல் சேதமானதுன்னு ஒரே வரி. மறுத்தா பன்னெண்டு மணிக்கு விழா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி போலீஸ்ல புகார் கொடுப்பேன். மகளிர் குழுகிட்டயும் எழுதிக் கொடுப்பேன். இந்தக் கடை இருக்காது.”

“கட போனா போவுது. இந்தக் கை தோலைக் கெடுத்துதுன்னு என் கையாலயே எழுதித் தர மாட்டேன். புகார் குடுக்கறதுன்னா இப்பவே போய்ட்டு வாங்க. ஸ்டேஷன் அதோ, அந்தப் புளியமரத்துக்கு அந்தாண்ட.” ஸ்டேஷனுக்கு வழி வேறு காட்டினாள் சசிகலா.

விஷயம் இதுதான். கோயம்புத்தூரில் கேம்பர் வேன் கட்டுகிற ஒரு கம்பெனி, மலைச் சுற்றுலாவுக்கு ஓட்டிப் பார்க்கச் சொல்லி ராஜவேலுவிடம் ஒரு வேனைக் கொடுத்திருந்தது. உள்ளே படுக்கை, சிங்க், மின்சார அடுப்பு. சீட், கதவு, ஓரப் பட்டி எல்லாம் காப்பி நிறத்தில் அசல் தோல். இன்று கோடை விழாவில் அதை நிறுத்திப் பெயர் வாங்க வேண்டும் என்பது ராஜவேலுவின் கனவு. மூன்று வாரத்துக்கு முன் டிரைவர் சீட்டில் ஒரு கிழிசலைத் தைத்து, வண்டியிலிருக்கிற தோலுக்கெல்லாம் கிரீம் பூசிக் கொடுத்தாள் சசிகலா. போன ஞாயிற்றுக்கிழமை ராஜவேலு அவளைக் கூப்பிட்டுக் காட்டியபோது இடது முன்சீட் வெளுத்து, விறைத்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. யாரால் கெட்டது என்று விழாவுக்கு முன்னால் தெரிந்தாக வேண்டும் என்று மஞ்சுளாவை அனுப்பியது அந்தக் கம்பெனி.

“வண்டியைப் பார்ப்போம்” என்றாள் மஞ்சுளா.

வேன் விழா மைதானத்து ஓரமாக நின்றது. ஒரு பக்கம் தேன் கடை, மறு பக்கம் சாமைப் பொங்கல் கடை. கதவைத் திறந்ததும் மல்லிகை வாசனை முகத்தில் மோதியது. குமரேசன் எண்ணினான். கண்ணாடியில் ஒன்று, ஏசி வாயில் ஒன்று, சீட்டுக்கு அடியில் இரண்டு. மொத்தம் நான்கு சென்ட் டப்பாக்கள்.

“கல்யாண மண்டபத்துல கூட இத்தனை மல்லிகை இருக்காது மேடம்.”

“மூக்கை நல்லா வேலை வாங்கு. மல்லிகைக்குக் கீழே என்ன இருக்கு?”

இழுத்தான். இருமினான். “மண்ணெண்ணெய்!”

“அதைத்தான் நானும் சொல்றேன்” என்றார் ராஜவேலு ஆர்வமாக. “இவங்க கடையில மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கு. என் கண்ணால பார்த்தேன். என் வண்டியில அடுப்பு கரண்ட்ல ஓடுது. ஒரு சொட்டு மண்ணெண்ணெய் இந்த வண்டிக்குள்ள வந்ததில்லை. படிச்சவங்களா இருந்தா தோலுக்கு எது போடணும்னு தெரியும். இந்த மலைக்காரங்க கைக்கு என்ன தெரியும்?”

பக்கத்துக் கடைகளில் நாலு தலைகள் திரும்பின. சசிகலாவின் முகம் சிவந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் மஞ்சுளா கேட்டாள், “பாட்டில் எதுக்கு?”

“தையல் மிஷினுக்கு. தோலத் தள்ளுற பல்லுல அழுக்கு ஏறினா அதுலதான் கழுவுவோம். தோலு பக்கம் மண்ணெண்ணெய கொண்டாந்தா மேல் பூச்சு கரைஞ்சி, கலரு கழண்டு, உள்ள இருக்கிற எண்ணெப் பசையும் போயிடும். அப்புறம் தோலு எலும்பு மாதிரி ஆயிடும். ஆம்பூர்ல மொத நாளே சொல்லிக் குடுத்துடுவாங்க.” வண்டிக் கதவின் உட்பக்கத்தைக் காட்டினாள். “இங்க நான் எழுதி ஒட்டி வச்சிருந்தேன். ஈரத்துணி போடக்கூடாது. காஞ்ச பருத்தித் துணிதான். வெயில்ல நிறுத்தினா கர்ட்டனைப் போடணும். மாசம் ஒரு தபா கிரீம். சாப்பாட்டு எண்ணெ, பெட்ரோல், மண்ணெண்ணெய் ஆவாது. அந்தத் தாளு இப்ப எங்க?”

நான்கு மூலையிலும் நான்கு துண்டு டேப் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“கர்ட்டனும் நாந்தான் தெச்சேன். மஞ்சக் கட்டம் போட்டது, நாலு. இப்ப மூணுதான் கீது.”

“ஒண்ணு துவைக்கப் போயிருக்கு” என்றார் ராஜவேலு.

மஞ்சுளா டிரைவர் சீட்டின் தையலை விரலால் நீவிப் பார்த்தாள். எங்கே கிழிந்தது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. பின்னால் படுக்கை, கதவு, ஓரப்பட்டி எல்லாம் வழவழவென்று இருந்தன. இடது முன்சீட் மட்டும்தான் பாழ். அதிலும் நடுவே பெரிதாக ஒரு வெளுப்பு, பக்கவாட்டில் வழிந்தது போல இரண்டு, கதவைப் பார்த்த விளிம்பில் தீற்றலாக ஒன்று.

“எல்லாத் தோலுக்கும் ஒரே கிரீம். கெட்டது ஒரு சீட். சார், இந்த வண்டியை யார் யார் ஓட்டுவாங்க?”

ராஜவேலு நிமிர்ந்தார். அது அவருடைய பெருமை. “என்னைத் தவிர யாரும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை மேடம். சாவி ராத்திரி என் தலையணைக்கு அடியில்.”

“வேற யார்கிட்ட சாவி?”

“கதவுச் சாவி மட்டும் காசிகிட்ட இருக்கு. வண்டி துடைக்கிறவன். இவங்க தம்பிதான்.” தம்பி என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

வேனின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த காசி தலையைக் குனிந்துகொண்டான். குமரேசனின் கண் அக்காவிடம் போயிற்று. இத்தனை நேரம் எல்லோரையும் நேராக முறைத்தவள், தம்பியைப் பார்க்காமல் தேன் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குமரேசா, அந்தச் சீட்ல உட்கார்” என்றாள் மஞ்சுளா. “சார், ஏசி போடுங்க, வேகுது.”

குமரேசன் உட்கார்ந்தான். தோல் அப்பளம் போல நொறுங்கியது. ராஜவேலு இன்ஜினைக் கிளப்பியதும் வண்டி கீ கீ என்று கத்த ஆரம்பித்தது.

“மேடம், நான் எடை கூடிட்டேன்னு வண்டி அழுவுது!”

“பெல்ட் போடுங்க சார்” என்றார் ராஜவேலு. “சீட்ல பாரம் வந்தா பெல்ட் போடுற வரைக்கும் நிறுத்தாது.”

குமரேசன் பெல்ட்டை இழுத்தான். பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது. இழுத்த விரல்களும் பெல்ட்டை விட்டு வர மறுத்தன. பிய்த்து எடுத்தபோது விரலுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே பழுப்பு நூல் ஒன்று நீண்டது. “பபுள்கம். எந்தப் பாவி துப்பினதோ.”

மஞ்சுளா அந்த நூலை ஊசியால் எடுத்தாள். முகர்ந்தாள். இழுத்து விட்டாள். பிறகு சீட்டின் தையல் இடுக்கில் டார்ச் அடித்தாள். அங்கேயும் அதே பிசின், அதில் கால் மாட்டிச் செத்த எறும்புகள் மூன்று. அவள் உதட்டோரம் ஒரு கணம் அசைந்தது. பீஸ் வருவதற்கு முன்னால் அவள் சிரித்து குமரேசன் பார்த்ததில்லை.

“சசிகலா, இங்க வாங்க.” வண்டிக்குப் பின்னால், யாரும் இல்லாத இடத்துக்கு அழைத்துப் போனாள். குமரேசனும் போனான். “இது என்னன்னு உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும்.”

சசிகலா ஊசி முனையில் இருந்த பிசினைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பலாப் பால். பழத்தின் காம்பிலிருந்து வடியறது. கையில ஒட்டினா தண்ணிக்குப் போகாது. இந்த மலையில எந்த வீட்டிலும் அதுக்கு என்ன எடுப்பாங்க?”

“மண்ணெண்ணெய்” என்றாள் மெதுவாக. “கையோ, கத்தியோ, பாயோ, எதுல ஒட்டினாலும் அதாலதான் தொடைப்பாங்க. யாரோ பழத்த சீட்ல வச்சிருக்காங்க. பாலு வடிஞ்சிருக்கு. பழக்கத்துல மண்ணெண்ணெயப் போட்டுத் தேச்சிட்டாங்க. பார்த்ததும் தெரிஞ்சிது.”

“அப்புறம் ஏங்க வாயைத் திறக்கல?” என்றான் குமரேசன்.

அவள் கண் கலங்கிற்று. ஆனால் தலை நிமிர்ந்தே இருந்தது. “மலைக்காரன் ஒருத்தன் கைதான் அது. சாவி இருக்கிற மலைக்காரன் யாரு? என் தம்பி. இல்லக்கான்னு சொல்றான். நான் நம்பல. அவன சின்ன வயசிலேர்ந்து பார்க்கிறேன், பலாச்சுளைன்னா உசுரு. நான் செய்யாததுக்கு கையெழுத்தும் போட மாட்டேன், அவன் பேரையும் சொல்ல மாட்டேன். இன்னா வேணா பண்ணிக்கட்டும்.”

குமரேசன் அவளை இன்னொரு முறை நிமிர்ந்து பார்த்தான். கடை போனாலும் பரவாயில்லை, பழி வந்தாலும் பரவாயில்லை, இரண்டு பக்கமும் கதவைச் சாத்திக்கொண்டு நடுவில் நிற்கிறாள் இந்தப் பெண். ஆனால் கணக்கு அவனுக்கும் அங்கேயேதான் போய் முடிந்தது. பலா, மண்ணெண்ணெய், சாவி. காசியைத் தவிர வேறு யார்?

“உங்க தம்பிக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?” என்று கேட்டாள் மஞ்சுளா.

“அவனா? சைக்கிள்லயே ரெண்டு தபா கெணத்துல வுழுந்தவன்.”

“நல்லது.” மஞ்சுளா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று பத்து. “குமரேசா, ரோட்டோரத்துல பலாப்பழம் விக்கிறாங்க. முழுசா ஒண்ணு வாங்கு. நல்லாப் பால் வடியறதாப் பார்த்து வாங்கு. வேனின் இடது கதவுக்கு நேரா வச்சு நீயே வெட்டு. எண்ணெய் கேட்காதே. கை நல்லா ஒட்டினதும், அந்தச் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திரு.”

“எதுக்கு மேடம்?”

“பசிக்குது.”

பொய். அவளுக்குப் பலாப்பழம் பிடிக்காது என்பது குமரேசனுக்குத் தெரியும். ஆனாலும் சுளை தின்னச் சம்பளம் கொடுக்கிற உத்தியோகம் எல்லாருக்கும் வாய்க்காது என்று கிளம்பினான்.

வாங்கி வந்த பழம் பதினைந்து கிலோ இருக்கும். சாக்கை விரித்து வேனின் படிக்கு முன்னால் இறக்கினான். காசி எட்டிப் பார்த்தான். சசிகலா கடைப் பெண்களோடு நின்றாள். ராஜவேலு பதறிக்கொண்டு வந்தார்.

“மேடம், வண்டிப் பக்கம் இது வேண்டாம். அந்த வாசனையே எனக்கு ஆகாது.”

“நீங்க சாப்பிடறதில்லையா?”

“நான் சென்னையில வளர்ந்தவன். டப்பாவுல அடைச்ச சுளையை சூப்பர் மார்க்கெட்ல பார்த்திருக்கேன், அவ்வளவுதான். முழுப் பழத்தை இதுவரைக்கும் தொட்டதுகூட இல்லை.”

“அப்ப வேடிக்கை பாருங்க.”

குமரேசன் சட்டைக் கையை மடித்தான். கத்தியை ஓங்கி நடுவில் இறக்கினான். செங்கத்தில் அவன் வீட்டுக்குப் பலாப்பழம் சுளையாகத்தான் வந்து சேரும், அதற்கு முந்திய அவஸ்தையெல்லாம் பெண்டாட்டியுடையது. வெள்ளைப் பால் குபுகுபுவென்று கிளம்பியது. கத்தி ஒட்டியது. கத்தியைப் பிடித்த விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின. மூக்கு அரித்ததே என்று தொட்டான், மூக்கும் சேர்ந்தது.

“அண்ணா, எண்ணெ தடவாம யாரு வெட்டச் சொன்னாங்க?” என்று காசி சிரிப்பை அடக்கமாட்டாமல் கேட்டான்.

“சம்பளம் கொடுக்கிறவங்க” என்றான் குமரேசன். தள்ளாடி எழுந்து, பால் சொட்டுகிற இரண்டு கையையும் இடது சீட்டின் சாய்மானத்தை நோக்கி நீட்டினான்.

“வச்சிடாதய்யா!”

அலறல் வந்த திசையை அவன் பார்ப்பதற்குள் மணிக்கட்டு ஒருவர் பிடியில் இருந்தது. ராஜவேலு. கூலிங் கிளாஸ் எங்கோ தெறித்துவிட்டது. அவனை ஒரே இழுப்பில் வண்டியை விட்டுத் தள்ளி உட்கார வைத்தார். “இன்னாய்யா நீ! சீட்டுல வச்சிருந்தா இன்னாவறது? கைய ஆட்டாத. தண்ணி ஊத்திடாத, இன்னும் கெட்டியாயிடும்.”

வேனுக்குள் பாய்ந்தார். சிங்குக்குக் கீழே தண்ணீர் கேனை நகர்த்தினார். அதன் பின்னாலிருந்து துணி சுற்றிய பாட்டில் ஒன்றை எடுத்து வந்தார். மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, துணியில் ஊற்றி, குமரேசனின் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஒரே போக்காக இழுத்துத் துடைத்தார். விரல் இடுக்கு, நகக்கண், ஒன்றையும் விடவில்லை. துணியின் பால் படாத பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். பிறந்ததிலிருந்து செய்தவனுக்குத்தான் கை அப்படிப் போகும்.

மண்ணெண்ணெய் வாசனை மைதானத்தில் பரவியது. பேச்சு நின்றது. சாமைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த கரண்டியும் நின்றது.

அப்போதுதான் ராஜவேலு தன் கையைப் பார்த்தார்.

“முழுப் பழத்தைத் தொட்டதே இல்லாத கை” என்றாள் மஞ்சுளா. “ஒரு சொட்டு மண்ணெண்ணெய் வராத வண்டி.”

சசிகலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அந்தத் துணியின் ஒரு மூலையைத் தூக்கினாள். மஞ்சள் கட்டம். ஓரத்தில் அவளுடைய இரட்டைத் தையல். பழைய பால் காய்ந்து பலகை மாதிரி விறைத்திருந்தது.

“இது நான் தெச்ச கர்ட்டன்.”

ராஜவேலு துணியை முதுகுக்குப் பின்னால் இழுக்கப் பார்த்தார். அவள் மூலையை விடவில்லை.

“மேடம், எனக்கு ஒண்ணு புரியல” என்றான் குமரேசன். அரைவாசி விடுபட்ட கைகளை இரண்டு பக்கமும் அகட்டிக்கொண்டு நின்றான். “காசின்னுதான் நான் முடிவு பண்ணிட்டேன். நீங்க எப்படி இவர்னு பிடிச்சீங்க?”

“பெல்ட்” என்றாள் மஞ்சுளா. “பெல்ட்டில் பலாப் பால். நிக்கிற வண்டியில யாராவது பழத்துக்கு பெல்ட் போடுவாங்களா? ஓடற வண்டியில, சீட்ல பதினஞ்சு கிலோ இருந்தா வண்டி கத்தும். கத்தலை நிறுத்த, ஓட்டறவர் பழத்துக்கு பெல்ட் மாட்டினார். காசிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஸ்டியரிங்கை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லைன்னு சொன்னது நீங்கதான் சார். ஆனா அது போதாது. யாரோ பழத்தைக் கொண்டுவந்து வச்சாங்கன்னு சொல்லித் தப்பிச்சிருப்பீங்க. வாய் என்ன வேணும்னாலும் சொல்லும். அதனால உங்க கையை விசாரிச்சேன்.”

ராஜவேலு வேனின் படியில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையில் பால் கறை.

“மேல ரோடு முடியற எடத்துலேர்ந்து ரெண்டு கிலோமீட்டரு நடக்கணும். அதான் எங்க ஊரு” என்றார். மடிப்புக் கலையாத பேச்சு போன இடம் தெரியவில்லை. “அம்மா அங்கதான் இருக்குது. நான் வந்துட்டுப் போறது இங்க யாருக்கும் தெரியாது. சென்னைக்காரன்னு சொன்னாதான் சுற்றுலாக்காரன் நம்புறான், கம்பெனிக்காரன் நம்புறான். சீட்ட இவங்களுக்குக் காட்டின ஞாயித்துக்கெழமைக்கு முந்தின வியாழக்கெழம அம்மா பழத்த தலையில தூக்கிக்கினு ரோடு வரைக்கும் வந்துடுச்சி. வேணாம்னு எப்படிச் சொல்றது? வண்டியில பழம், மீனு எதுவும் ஏத்தக்கூடாதுன்னு கம்பெனி எழுதி வாங்கியிருக்கு. ஏத்தினா வண்டிய திரும்ப எடுத்துக்குவாங்க. சரி, அரை மணி நேரம்தானேன்னு வச்சேன். கொண்டை ஊசி வளைவுல பிரேக் அடிச்சதும் பெல்ட்டு காம்பை அறுத்துடுச்சி.”

“தாளை ஏன் கிழிச்சீங்க?” என்று கேட்டாள் சசிகலா. “மண்ணெண்ணெய் ஆவாதுன்னு எழுதி, உங்க கண்ணு எதுர்லயே ஒட்டியிருந்தேனே.”

“தொடச்சப்புறம்தான் படிச்சேன்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சசிகலா சிரிக்கவில்லை. அவளுடைய கோபம் அப்போதுதான் முழுசாக வெளியே வந்தது.

“அன்னிக்கே எங்கிட்ட வந்திருந்தா ஒரு நாள்ல சரி பண்ணியிருப்பேன். ஏன்னு கூடக் கேட்டிருக்க மாட்டேன். நீங்க இன்னா பண்ணீங்க? முத்திரத்தாளு வாங்கியாந்தீங்க. மலைக்காரங்க கைக்கு இன்னா தெரியும்னு இத்தினி பேரு எதுர்ல கேட்டீங்க. மண்ணெண்ணெய் எடுத்தது எந்தக் கை? அதுவும் இந்த மலைக் கைதானே! உங்க அம்மா பழத்த மறைக்க என் பொழப்பத் தின்னப் பார்த்தீங்களே, நல்லா இருக்குதா?”

ராஜவேலு சட்டைக் கறையைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

அவள் திரும்பினாள். காசி அதே சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றான். இரண்டு அடி எடுத்து வைத்தாள், நின்றாள். இத்தனை பேரை எதிர்த்துப் பேசியவளுக்கு இந்த ஒரு வாக்கியம் வரச் சிரமப்பட்டது.

“உன்ன நான் நம்பலடா.”

“தெரியும்க்கா” என்றான் காசி. “ஆனா எம் பேரச் சொல்லவும் இல்ல.” அக்காவின் தோளைத் தொட்டான். அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

மணி பதினொன்று ஐம்பது. மேடையில் மைக் சோதிக்கிற சத்தம் கேட்டது. மஞ்சுளா கைப்பையிலிருந்து அறிக்கைப் படிவத்தை எடுத்தாள்.

“மேடம்...” ராஜவேலு எழுந்து கை கூப்பினார். “எழுதிடாதீங்க. வண்டிய தூக்கிக்கினு போயிடுவாங்க.”

“நடந்ததை எழுதாம விட மாட்டேன். நீங்க இதை இப்போ சரி பண்ணினா, அதையும் சேர்த்து எழுதுவேன்.” மஞ்சுளா சசிகலாவைப் பார்த்தாள். “அந்தத் தோல் தேறுமா?”

சசிகலா சீட்டை நெருங்கிக் குனிந்தாள். கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. ஆனால் விரல்கள் வெடிப்புகளை ஒவ்வொன்றாகத் தடவி ஆழம் பார்த்தன. அவளுக்குத் தோல்மேல் கோபம் இல்லை.

“தேறும். பிசின சொரண்டி எடுக்கணும். வெடிப்ப அடைக்கணும். கலரு மூணு கோட்டு, ஒண்ணு காஞ்சப்புறம் ஒண்ணு. சாயங்காலம் ஆவும்.”

“செஞ்சி குடும்மா” என்றார் ராஜவேலு.

“செய்றேன். என் கடைக்குள்ள கொண்டுபோய் கதவச் சாத்திக்கினு செய்ய மாட்டேன். இங்கதான், எல்லார் கண்ணு எதுர்லயும்தான்.” கடையிலிருந்து அவள் டப்பாக்களும் ஸ்பாஞ்சும் வந்தன. கூடவே ஒரு பெரிய கறுப்புக் குடை. அதை விரித்து ராஜவேலுவின் கையில் திணித்தாள். “காயற வரைக்கும் தோலு மேல வெயிலு படக்கூடாது. புடிங்க. வர்றவங்க இன்னா ஆச்சுன்னு கேப்பாங்க. எனக்கு வேல இருக்குது. பதிலு நீங்கதான் சொல்லணும்.”

டப்பாக்களோடு வந்திருந்த முத்திரைத்தாளை நாலாக மடித்தாள். கலர் கிண்ணத்துக்கு அடியில், ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்தாள்.

பன்னிரண்டு அடித்தது. மேளம் முழங்கியது. கலசப்பாக்கத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்றுதான் முதலில் வேன் பக்கம் வந்தது. உச்சி வெயிலில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் சீட்டுக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்பதை அந்தக் குடும்பத்துப் பெரியவர் மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னாங்க ஆச்சு சீட்டுக்கு?”

ராஜவேலு குடையை மறு கைக்கு மாற்றினார். குமரேசன் வாயில் வைக்கப்போன சுளையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். சசிகலா ஸ்பாஞ்சை நிறத்தில் தோய்த்தாள், தலையைத் தூக்கவில்லை.

“எங்கம்மா குடுத்த பலாப்பழங்க” என்றார் ராஜவேலு. “மேல, எங்க ஊர்லேர்ந்து. பாலு ஒட்டிடுச்சி. நான்தான் மண்ணெண்ணெய் போட்டுக் கெடுத்துட்டேன். இவங்க சரி பண்றாங்க.”

“சத்தமாச் சொல்லுங்க” என்றாள் சசிகலா, முதல் கோட்டை இழுத்தபடி. “பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல.”